நன்றி டைரி எழுதச் சொன்னால் ‘அம்மா, அப்பா, வீடு’ என்று எழுதி மூடி வைத்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

கூடுகட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயது. நன்றாக வாசிப்பாள், ஆனால் தானாகப் புத்தகத்தைக் கையில் எடுக்க மாட்டாள். எழுதுவது இன்னும் கஷ்டம், வீட்டுப்பாடத்தோடு சரி. அன்றன்று நடந்த நல்ல விஷயங்கள் மூன்றைத் தூங்கப் போகுமுன் எழுதச் சொன்னால் குழந்தைகளுக்கு நல்லது என்று பல இடங்களில் படித்தேன். எழுதவும் பழகுவாள், கிடைத்ததன் அருமையும் தெரியும் என்று அழகான நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. ‘எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது’ என்றெல்லாம் எழுதினாள். அப்புறம் வரிகள் சுருங்கிக்கொண்டே வந்தன. இப்போது தினமும் ‘அம்மா, அப்பா, வீடு’ மட்டும்தான். நேற்று எடுத்துப் பார்த்தால் அடுத்த வாரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள்! சிரிப்பதா, கோபப்படுவதா தெரியவில்லை.

விட்டுவிடலாமா, பிடித்து உட்கார வைத்து எழுத வைக்கலாமா? எந்தப் பழக்கமும் வற்புறுத்தலில்தான் தொடங்கும் என்கிறார் கணவர். எனக்கென்னவோ நன்றி மேலும் வெறுப்பு, எழுத்து மேலும் வெறுப்பு என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பின்பெஞ்ச் எழுதியது:

அடுத்த வார நன்றியை இந்த வாரமே முடித்து வைத்த அந்தக் குழந்தைக்கு என் வணக்கம். பெரிய பதவிக்குப் போவாள்.

விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. இந்த நன்றி டைரி மோகத்துக்குப் பெரிய காரணம் 2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. அதன் முதல் சோதனையில் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நன்றி பாராட்டத் தோன்றியவற்றை எழுதியது, ஒரு குழு எரிச்சல் தந்தவற்றை எழுதியது, மூன்றாவது குழு அந்த வாரம் நடந்ததைச் சும்மா குறித்து வைத்தது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் கூடுதலாக மதித்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பத்து வாரம்தான். தினமும் இல்லை.

2005ல் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் இன்னொரு சோதனை வருகிறது. ஆறு வாரம் மாணவர்கள் சிலரை வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள், சிலரை வாரம் மூன்று முறை. ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. மற்றவர்களுக்குச் சலித்துப்போயிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். வளர்ந்த மாணவர்களுக்கே மூன்று தடவை சலிக்கிறது, எட்டு வயதுக்கு ஏழு தடவை என்றால்?

பிள்ளைகளிடம் செய்ததும் உண்டு. 2008ல் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 221 பேரை வைத்து இரண்டு வாரம் தினமும் எழுதச் செய்தார்கள். பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் உங்கள் மகளைவிடப் பெரியவர்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் பொதுவாக இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறைகளை எழுதியவர்களோடு ஒப்பிட்டால் நன்றி எழுதியவர்கள் ஓஹோவென்று தெரிவார்கள். சும்மா நடந்ததை எழுதியவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் சிறுத்துவிடும். ஆகவே டைரியை மூடினால் குடி முழுகிப் போகாது.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

தொடக்கப் பள்ளியில் நெடுநாள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பின்பெஞ்ச் தம்பி எத்தனை தடவை என்பதைப் பார்க்கிறார். எனக்குக் கேள்வியே சரியில்லை என்று படுகிறது.

‘எதற்கெல்லாம் நன்றி?’ என்று கேட்டால் குழந்தைக்குப் பொருள்களின் பெயர்தான் கிடைக்கும். அம்மா, வீடு, மரம், சூரியன். வகுப்பில் கேட்டாலும் இதே பட்டியல்தான் வரும், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருந்தால் வரிசைகூட மாறாது. ‘இன்னிக்கு உனக்காக யாராவது ஏதாவது செஞ்சாங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு சம்பவம் வந்துவிடும். யார், எப்போது, எப்படி என்று எல்லாம் தானாக வரும். குழந்தைக்கு எழுதத் தெரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் அதற்கு எழுத ஒன்றும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

தம்பி சொன்ன அதே ஃப்ரோ 2014ல் சகாக்களோடு வெளியிட்ட ஒரு வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் மூன்று விஷயங்களை யோசிக்கப் பழக்கினார்கள். உதவியவர் இதை வேண்டுமென்றே எனக்காகச் செய்தாரா? அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? எனக்கு அதனால் என்ன கிடைத்தது? இப்படி யோசிக்கப் பழகிய பிள்ளைகளிடம் அப்புறம் வாய்ப்புக் கொடுத்தபோது அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நன்றி அட்டை எழுதினார்களாம். யாரும் அவர்களுக்கு நன்றியைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை, பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. தனக்குப் பென்சில் கொடுத்த தோழி அந்த நேரம் எதை வைத்து எழுதினாள் என்று ஒரு குழந்தைக்கு லேசில் தோன்றாது. தோன்றிவிட்டால் ஒரு பக்கம் எழுதிவிடும்.

இன்னொன்று, டைரிக்கு வாசகர் கிடையாது. எட்டு வயதுக் குழந்தை யாருக்காக எழுதும்? பிரான்சில் செலஸ்தாங் ஃபிரெனே என்று ஒரு கிராமத்து ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டவர், உரக்க நீண்ட நேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. 1924 வாக்கில் வகுப்புக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரில் பார்த்ததை, வீட்டில் நடந்ததை எழுதித் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அதை வேறு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள், அங்கிருந்தும் வந்தது. மறுமுனையில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்று தெரிந்ததும் இந்தப் பக்கம் எழுத்துப்பிழையைத் தாங்களே தேடித் திருத்தினார்களாம்.

கூடுகட்டி, டைரியை அலமாரியில் வையுங்கள். ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு விஷயத்துக்கு, இரண்டே வரி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

பின்பெஞ்ச் எழுதியது:

> ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு விஷயத்துக்கு

டீச்சர், இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. சின்ன வயதில் சொந்தக்காரர் யாராவது ஏதாவது வாங்கி அனுப்பினால் நன்றிக் கடிதம் எழுதி முடிக்கும்வரை அந்தப் பொட்டலத்தைத் தொடக்கூட விடமாட்டார்கள். ‘தாங்கள் அனுப்பிய பரிசு கிடைக்கப்பெற்றேன், மிக்க மகிழ்ச்சி’ என்று அப்பா சொல்லச் சொல்ல எழுத வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் மிக்க மகிழ்ச்சி! இன்றைக்கும் யாராவது எனக்கு ஏதாவது கொடுத்தால் முதலில் ஒரு பாரம்தான் இறங்குகிறது.

இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை. 2006ல் ஃபிலிப் வாட்கின்ஸ் குழுவினர் ஒன்று செய்தார்கள். ஒருவர் உங்களுக்கு உதவுகிறார், பதிலுக்கு அவர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பதை மட்டும் மாற்றி மாற்றிக் கதையாகச் சொல்லி, என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். எதிர்பார்ப்பு ஏற ஏறக் கடன்பட்ட உணர்வு கூடியது, நன்றி உணர்வு இறங்கியது. ஆக இரண்டும் ஒன்று இல்லை. ‘உனக்காக எவ்வளவு செய்கிறேன், கொஞ்சமாவது நன்றி இருக்கா?’ என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் நாம் குழந்தையிடம் கடன் சீட்டைத்தான் நீட்டுகிறோம்.

நீங்கள் சொல்லும் இரண்டு வரியும் வீட்டுக்கு வீடு கட்டாயக் கடிதமாக மாறாது என்று என்ன நிச்சயம்?

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

நிச்சயம் எதுவும் இல்லை தம்பி. நல்ல யோசனை எல்லாவற்றையும் கட்டாயமாக்கிக் கெடுக்க நம்மால் முடியும், அதில் நமக்குத் தனித் திறமை.

இரண்டு இடத்தில் கவனமாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. யாருக்கு எழுதுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். நாம் எதிர்பார்ப்பவரை அது தேர்ந்தெடுக்காது. பெரியம்மா விலை உயர்ந்த சைக்கிள் வாங்கித் தந்திருப்பார், குழந்தை அந்தச் சைக்கிளில் காற்று அடித்துக் கொடுத்த மாடி வீட்டு அண்ணனுக்கு எழுதும். பெரியம்மாவுக்கு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், வாசகத்தை நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. உங்கள் அப்பா சொன்ன ‘கிடைக்கப்பெற்றேன்’ இருக்கிறதே, அது அவருடைய கடிதம். நீங்கள் பேனாவாக மட்டும் இருந்திருக்கிறீர்கள்.

மழலை அப்பா எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. எழுதுவது இருக்கட்டும், வாயால் நன்றி சொல்லவே மாட்டேன் என்கிறான். யாராவது ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். ‘சொல்லு, நன்றி சொல்லு’ என்று நான் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். கொடுத்தவர் முன்னால் மானம் போகிறது. இவனுக்கு ஏதாவது குறையா?

பின்பெஞ்ச் எழுதியது:

ஒரு குறையும் இல்லை சார். 1976லேயே ஜீன் பெர்கோ கிளீசன், சாண்ட்ரா வைன்ட்ராப் இருவரும் ஹாலோவீன் பண்டிகையன்று வீட்டு வாசலுக்கு வந்து மிட்டாய் வாங்கிப் போகும் குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே நன்றி சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். பத்து வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் நால்வர் சொன்னார்கள். உங்கள் பையன் பெரும்பான்மைக் கட்சியில் இருக்கிறான்.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

அந்த வயதில் நன்றி வேறு உருவத்தில் வரும். 1938ல் ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமெர் என்பவர் சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளிடம் ‘உன்னுடைய பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றி வைப்பவருக்கு நீ என்ன செய்வாய்?’ என்று கேட்டு எழுதி வாங்கினார். சின்னப் பிள்ளைகள் பலர், தனக்கு மிகவும் பிடித்ததை அவருக்குக் கொடுப்பேன் என்றார்கள். அவருக்கு அது வேண்டுமா என்ற யோசனையெல்லாம் கிடையாது. வயது ஏற ஏறத்தான் அவருக்கு எது தேவை என்று யோசிக்கும் பதில்கள் வந்தன. உங்கள் மகன் யாரிடமாவது கிழிந்த ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டினால் அதை நன்றியாகக் கணக்கு வையுங்கள்.

துரத்த வேண்டாம். கொடுத்தவரைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். ‘இவன் ரொம்ப நாளா இதைக் கேட்டுக்கிட்டு இருந்தான், ஞாபகம் வெச்சு கொண்டு வந்தீங்களே’ என்று முழுசாகச் சொல்லுங்கள். பையன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

ஓரக்கண் எழுதியது:

நான் இங்கே மற்றவர்களைவிடச் சின்னவள், கல்லூரியில் முதலாம் ஆண்டு. குழந்தைகள் தரப்பிலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

சின்ன வயதில் நான் நிறைய எழுதுவேன். அம்மாவுக்கு அதில் பெருமை. எழுதியதை எல்லாம் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார். தாய்மாமா, சித்தி எல்லோரும் கைதட்டும் பொம்மை அனுப்புவார்கள். ஒரு தடவை, சண்டை போட்டுப் பிரிந்த தோழிக்கு எழுதி, கொடுக்காமல் வைத்திருந்த கடிதமும் அப்படிப் போனது. யாரும் திட்டவில்லை, எல்லோரும் ‘எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்’ என்றுதான் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் எழுதியதில் யாருக்கும் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். ‘அம்மா, அப்பா, வீடு’ மாதிரிதான்.

உங்கள் மகள் நோட்டை நீங்கள் எடுத்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள் அக்கா. அவள் ஒருவேளை உங்களுக்குப் பிடித்த பதிலை எழுதி வைத்திருக்கலாம்.

கூடுகட்டி எழுதியது:

ஓரக்கண், நன்றிம்மா. இந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. டைரியை அவளிடமே கொடுத்து, இது இனி உன்னுடையது, படம் வரை, கிழி, பூட்டி வை, நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ‘நிஜமாவா?’ என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

தாத்தாவின் பேனா எழுதியது:

பேரப் பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். தினமும் திரையில் பார்த்துப் பேசுகிறோம், பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று இரு பக்கமும் நினைவில்லை. ஆகவே நான் கடிதம் எழுதுகிறேன். நீளமாக இல்லை, அஞ்சலட்டை அளவு. கடைசியில் கட்டாயம் ஒரு கேள்வி வைப்பேன். ‘நலமா?’ மாதிரிக் கேள்விக்குப் பதில் வராது. ‘உன் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது யார்? அங்கிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்டால் வரும்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வார்த்தை. பேத்தி எழுதுவதில் ழ, ள, ல மூன்றும் ஒரே குடும்பம். அவள் அம்மா சிவப்புப் பேனாவோடு நிற்பாள், நான் வேண்டாம் என்றேன். ‘மளையில் நனைந்தேன்’ என்று எழுதினால் நான் பதிலில் ‘மழையில் நனைந்தாயா? எங்கள் பக்கமும் நேற்று மழை’ என்று எழுதுவேன். அவ்வளவுதான். சொல்லிக் காட்டுவதில்லை. சில கடிதம் கழித்து ‘மழை’ தானாக வந்துவிட்டது. ‘ற’ இன்னும் வரவில்லை, வரும்.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

ஐயா சொல்வது அருமை. குழந்தையின் பிழை பெரும்பாலும் காதால் கேட்டதை உண்மையாக எழுதியதால் வருவது. சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1970களின் தொடக்கத்தில், பள்ளிக்குப் போகுமுன்னே தாங்களாக எழுதத் தொடங்கிய, ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் எழுத்தை ஆராய்ந்தார். பார்த்தால் அலங்கோலம், உள்ளே சீரான ஒழுங்கு. ஒலிகளில் எது எதோடு நெருக்கம் என்று குழந்தை தானாகக் கண்டுபிடித்து அதன்படி எழுதியிருந்தது. நம் பிள்ளை ‘மளை’ என்று எழுதினால் அது வீட்டில் அப்படித்தான் கேட்கிறது என்று அர்த்தம். திருத்த வேண்டியது யாருடைய உச்சரிப்பை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒன்றாம் வகுப்பில் நான் இதைக் கொண்டாடுவேன். நான்காம் வகுப்பிலும் அதுவே தொடர்ந்தால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அதைப் பாட நேரத்தில் செய்வேன், கடிதத்தின் மேல் செய்ய மாட்டேன்.

அலையும் எழுத்து எழுதியது:

பிழையைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா. அவனுக்கு எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதும் எழுதுவதும் மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு உழைப்பு. சோம்பல் கிடையாது, புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘நன்றி எழுது’ என்றால் அது தண்டனைதான்.

நாங்கள் சொல்வதையும் எழுதுவதையும் பிரித்துவிட்டோம். அவன் சொல்லுவான், நான் எழுதுவேன். அவன் சொன்னபடியே, இலக்கணம் திருத்தாமல். அப்புறம் அதை அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். தன் பேச்சு என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், விரலை வைத்துக்கொண்டு தானும் வாசிப்பான். வேறு எந்தப் பாடத்தையும் இவ்வளவு விருப்பமாக வாசித்ததில்லை. கடைசியில் கையெழுத்து மட்டும் அவன் போடுவான். சில நேரம் குரல் பதிவாகவே அனுப்பிவிடுவோம்.

இதோடு முறையான ஒலி-எழுத்துப் பயிற்சியும் தனியாக நடக்கிறது, அதை விடக் கூடாது. அப்புறம் ஒன்று, உங்கள் பிள்ளைக்கு எழுத்தின் மேல் வெறுப்பு அதிகமாக இருந்தால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால், சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் ஒரு நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

நூலகத்தட்டு எழுதியது:

எல்லோரும் எழுதுவதிலேயே நிற்கிறீர்கள். மகள் தானாகப் புத்தகம் எடுப்பதில்லை என்றும் கூடுகட்டி சொல்லியிருந்தார். நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவன்.

வாசிக்கத் தெரிந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். எட்டு வயதில் குழந்தையால் தானாகப் படிக்க முடிவது ஒரு மட்டம், காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிவது அதைவிட வெகு உயரம். தானாகப் படிக்கக் கிடைக்கும் கதை அதற்குச் சப்பென்று இருக்கும். ஆகவே வாசித்துக் காட்டுங்கள், பத்து வயதானாலும் சரி.

வாசிக்கும்போது நாம் கேட்கும் கேள்வியும் முக்கியம். 1988ல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு மட்டும் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். படிப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுவது, ஆம்-இல்லை கேள்வியை விட்டு ‘என்ன நடக்குது?’ என்று கேட்பது, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் மற்றவர்களைவிடப் பல மாதம் முன்னால் போயிருந்தார்கள். மற்ற வீடுகளிலும் அதே அளவு வாசித்துக் காட்டினார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

நம் வீடுகளில் கதை முடிந்ததும் ‘இதில் வரும் நீதி என்ன?’ என்று கேட்டுக் கதையைக் கொன்றுவிடுவோம். நான் பிள்ளைகளிடம் கேட்பது, ‘இந்தக் கதையில் உதவி செய்தும் யாருமே கண்டுகொள்ளாமல் விட்டது யாரை?’ என்பது. கதாநாயகனை யாரும் சொல்ல மாட்டார்கள். கதவைத் திறந்துவிட்ட காவலாளி, ஒரு வரியில் வந்து போன படகுக்காரன் என்று தேடிக் கொண்டுவருவார்கள். ஒரு பெண் குழந்தை ‘குதிரை’ என்றாள். கதை முழுக்க ராஜகுமாரனைச் சுமந்தது அதுதானே!

மழலை அப்பா எழுதியது:

இத்தனை புத்தகம் படித்தால் இது வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா? பக்கத்து வீட்டில் அப்படிச் செய்கிறார்கள், அந்தப் பிள்ளை நிறையப் படிக்கிறான்.

நூலகத்தட்டு எழுதியது:

அந்த மாதிரிப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய புத்தகமாகத் தேடி எடுப்பார்கள்.

1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தால், முன்னாலேயே ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை.

ஏற்கெனவே ஆசை இருந்த பிள்ளைகளிடம் செய்த சோதனை இது, ஞாபகம் இருக்கட்டும். ஆசையே இல்லாத பிள்ளையைத் தொடக்கத்தில் கொஞ்சம் தள்ளிவிடப் பரிசு பயன்படலாம் என்று வாதாடுபவர்களும் உண்டு. என் அனுபவத்தில், பரிசாக இன்னொரு புத்தகம் கொடுத்தால் வம்பில்லை.

கூடுகட்டி எழுதியது:

சில வாரங்கள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் ஒரு செய்தி.

டீச்சர் சொன்னபடி, ‘உனக்காக யாராவது ஏதாவது செஞ்சாங்களா?’ என்று எப்போதாவது பேச்சோடு பேச்சாகக் கேட்டுவந்தேன். பெரும்பாலும் ‘இல்லை’ என்பாள். ஒரு நாள் மட்டும் நிறுத்தாமல் பேசினாள். பெருமழை நாளில் பள்ளி வேன் ஓட்டுநர் வழக்கமான இடத்தில் நிறுத்தாமல், சிரமப்பட்டுப் பின்னாலேயே ஓட்டி வந்து படிக்கட்டை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் நனையாமல் ஏறினார்கள், அவர் மட்டும் இறங்கி நின்று முழுக்க நனைந்தாராம். ‘அவருக்கு இதை எழுதிக் கொடுக்கிறாயா?’ என்றேன். உடனே இல்லை, மறுநாள் காலையில் தானாக எழுதினாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே எழுதுகிறேன், ஓரக்கண்!

‘டிரைவர் மாமா, மளை வந்தப்ப வேனை கிட்ட கொண்டு வந்து நிருத்துனதுக்கு நன்ரி. நீங்க நனஞ்சீங்க. உங்க சட்ட காஞ்சிருச்சா’

கை துறுதுறுத்தது, திருத்தவில்லை. மறுநாள் அவர் ‘சட்டை சாயங்காலமே காய்ந்துவிட்டது பாப்பா’ என்று சொன்னாராம். கடிதத்தை வண்டிக்குள் கண்ணாடி பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். இப்போது மற்ற பிள்ளைகளும் அவருக்கு எழுத ஆரம்பித்து, போட்டியே நடக்கிறது. என் மகளுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

டைரியில் என்ன எழுதுகிறாள் என்று தெரியாது. பூட்டு வாங்கிக் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

பின்பெஞ்ச் எழுதியது:

‘உங்க சட்ட காஞ்சிருச்சா’. டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்வி, அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது, யாரும் சொல்லித் தராமல் வந்துவிட்டது. என் வாதத்தை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இந்தக் கடிதம் கடன் தீர்ப்பதற்காக எழுதியது இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

அலையும் எழுத்து எழுதியது:

எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் வேலை மாறிப் போய்விட்டார். அவருக்கு மகன் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினோம், நீளமான கடிதம். பதில் வரவில்லை. தினமும் வந்ததா என்று கேட்கிறான். இனிமேல் யாருக்கும் எழுத மாட்டேன் என்று வேறு சொல்கிறான். என்ன சொல்வது?

தாத்தாவின் பேனா எழுதியது:

முகவரி கொடுக்கலாம் என்று தோன்றினால் என் பேரனைப் போல அவனுக்கும் நான் எழுதுவேன் அம்மா. ஆனால் அவன் எதிர்பார்ப்பது என் கடிதம் இல்லையே.

பின்பெஞ்ச் எழுதியது:

2018ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் அதைப் பெற்றவர்களையும் தனித்தனியாகக் கேட்டார்கள். வாங்குபவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்கள் சங்கடப்படவில்லை, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். ஆகவே கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த மனிதர் சந்தோஷப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பதில் எழுதுவதுதான் பலருக்கும் கைவராதது. எனக்கே மூன்று கடிதம் பாக்கி இருக்கிறது, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

முதலில் கடிதம் கிடைத்ததா என்று நீங்களே அவருக்குப் போன் செய்து கேளுங்கள். மகன் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள், அவருக்கும் சங்கடம் வேண்டாம். பழைய முகவரிக்குப் போயிருக்கவும் கூடும். கிடைத்திருந்தால், அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எழுதச் சொல்ல வேண்டாம், அவனைப் போலவே ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்துக்கு அவசரப்படாதீர்கள். எப்போதாவது எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால், கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற தூரத்தில் இருக்கும் ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.